உலர்பனியும் ஒழுகும் கூரையும்

அக்டோபர், நவம்பர் மாதங்களில் சிலாங்கூர்க் கடற்கரைப் பகுதிகளில் பல மாலைப்பொழுதுகள் மழையோடுதான் முடிகின்றன. கோல சிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்த சுங்கை செம்பிலாங்கும் அதற்கு விலக்கன்று. 'சுங்கை' என்றால் ஆறு. 'செம்பிலாங்' என்பது கெளிற்று இனத்தைச் சேர்ந்த ஒரு மீனின் மலாய்ப் பெயர். ஊரின் பெயரிலேயே நீர் இருக்கிறது. ஒரு பக்கம் கடலும் சதுப்புநிலக் காடும். உள்நோக்கிச் சென்றால் செம்பனைத் தோட்டங்கள். காற்றில் எப்போதும் ஈரம்.

அத்தகைய மழைக்காலத்தில், தோட்டத்து லயன் வீடு ஒன்றின் பின்னறையை நினைத்துப் பாருங்கள். அலமாரியை இரண்டு வாரமாக யாரும் திறக்கவில்லை. திறந்தவுடன் புழுங்கிய வாடை அடிக்கிறது. தீபாவளிக்கு வாங்கிய காலணியின்மேல் சாம்பல் நிறப் படலம்; தாத்தாவின் பழைய நிழற்படத்தின் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள். அலமாரியை நகர்த்தினால், பின்னாலுள்ள பலகைச் சுவரில் மை தெறித்தாற்போல் கறுப்புத் திட்டுகள். 'பூசணம் பிடித்துவிட்டது' என்பார் பாட்டி. அறிவியல் பாடத்தில் நாம் 'பூஞ்சணம்' என்று படிப்பதும் இதைத்தான்.

இந்தக் கறையை எப்படி அகற்றுவது? துடைப்பது, சுரண்டுவது, வண்ணம் பூசி மறைப்பது ஆகியவை நாம் அறிந்த வழிகள். அண்மைக் காலத்தில் மற்றொரு வழியும் பேசப்படுகிறது. அதுவே உலர்பனித் துகள்களைச் சுவரின்மேல் பீய்ச்சியடித்துத் தூய்மைப்படுத்தும் முறை. அது எப்படி வேலை செய்கிறது, எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை இப்பகுதியில் காண்போம்.

பூஞ்சணம் ஏன் வருகிறது?

பூஞ்சணம் தாவரமும் அன்று, விலங்கும் அன்று. அது தனி உயிரினம். மிக நுண்ணிய வித்துத்துகள்களைக் காற்றில் பரப்பி அது இனப்பெருக்கம் செய்கிறது. இத்துகள்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடச் சிறியவை. அவை இல்லாத வீடே இல்லை. நாம் மூச்சு விடும் காற்றில் இப்போதும் அவை மிதந்துகொண்டிருக்கின்றன.

வித்துத்துகள் ஓரிடத்தில் விழுந்து வளர உணவு, இதமான வெப்பநிலை, ஈரம் ஆகிய மூன்றும் வேண்டும். மரம், தாள், துணி, தூசு ஆகிய அனைத்துமே அதற்கு உணவுதான். நம் நாட்டின் வெப்பநிலையோ ஆண்டு முழுவதும் அதற்கு உகந்தது. எஞ்சியிருப்பது ஈரம் ஒன்றே. நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 முதல் 90 விழுக்காடுவரை இருக்கும். கூரை ஒழுகி, சன்னல் மூடியே கிடந்து, துணிகளும் அறைக்குள்ளேயே உலர்ந்தால் பூஞ்சணத்திற்கு விருந்துதான்.

இது வெறும் அழுக்குப் பிரச்சினையன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, ஈரமும் பூஞ்சணமும் மிகுந்த வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், மூச்சிரைப்பு, ஈளை நோய் முதலியவை வரும் வாய்ப்பு அதிகம் என்று கூறுகிறது. ஈளை நோயுள்ள ஒரு குழந்தை அந்தப் பின்னறையில் படுத்துறங்கினால், சுவரிலுள்ள கறுப்புத் திட்டு அக்குழந்தையின் ஒவ்வோர் இரவையும் பாதிக்கக்கூடும்.

வழக்கமான முறைகளின் குறைகள்

பலரும் முதலில் கையில் எடுப்பது வெளுப்பான் நீர்மத்தைத்தான். அது மேற்பரப்பின் நிறத்தைப் போக்கிவிடும். சுவர் வெளுத்ததும் வேலை முடிந்ததென்று நாம் நினைக்கிறோம். ஆனால், பலகை நீரை உறிஞ்சும் தன்மை கொண்டது. வெளுப்பானில் பெரும்பகுதி நீர்தான். அந்த நீர் மரத்துக்குள் இறங்கி, பூஞ்சணத்திற்கு வேண்டிய ஈரத்தையே மீண்டும் ஊட்டக்கூடும். மேலும், இறந்த பூஞ்சணமும் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே, அதைக் கொன்றால் போதாது, அகற்ற வேண்டும்.

உப்புத்தாளால் தேய்த்தால் மரம் தேயும். மணலைப் பீய்ச்சியடித்தால் கறையோடு மரத்தின் மேற்பரப்பும் பெயர்ந்துவிடும். அறை முழுவதும் மணல் குவியும். வண்ணம் பூசி மறைத்தாலோ சில மாதங்களில் வண்ணம் உப்பி, அதன்மேல் மீண்டும் புள்ளிகள் தோன்றும்.

உலர்பனி என்றால் என்ன?

திருமண மண்டபத்தில் மணமக்கள் நுழையும்போது தரையோடு தவழும் வெண்புகையைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புகையை உண்டாக்கப் பயன்படுவது பெரும்பாலும் உலர்பனியே. நாம் மூச்சில் வெளியிடும் கரிவளியை மிகுந்த அழுத்தத்தில் நீர்மமாக்கி, பிறகு உறையச் செய்தால் கிடைப்பது அது. அதன் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 78.5 பாகை செல்சியஸ். சாதாரணப் பனிக்கட்டி உருகி நீராகும். உலர்பனி உருகுவதில்லை, திடநிலையிலிருந்து நேரே வளிநிலைக்கு மாறிவிடும். இதனைப் பதங்கமாதல் என்கிறோம். ஈரம் படாததால்தான் அதற்கு உலர்பனி என்று பெயர். மண்டபத்தில் நம் கண்ணுக்குத் தெரியும் வெண்புகை கரிவளி அன்று. குளிரால் காற்றிலுள்ள நீராவி சுருங்கி உண்டான நுண்ணிய நீர்த்துளிகளே அவை. கரிவளிக்கு நிறமில்லை. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

திடநிலைக் கரிவளியை 1835-இல் பிரான்சைச் சேர்ந்த திலோரியே என்பவர் பதிவு செய்தார். 1920-களில் அது அமெரிக்காவில் வணிகப் பொருளாகி, உணவைக் குளிரூட்டப் பயன்பட்டது. அதைக் கொண்டு பொருள்களைத் தூய்மைப்படுத்தும் எண்ணம் பின்னர்தான் வளர்ந்தது. அமெரிக்காவின் லாக்ஹீட் விமான நிறுவனத்தைச் சேர்ந்த கால்வின் ஃபோங், பதங்கமாகக்கூடிய துகள்களைப் பீய்ச்சியடித்து மேற்பரப்பைத் தூய்மைப்படுத்தும் முறைக்காக 1977-இல் காப்புரிமை பெற்றார். 1980-களின் பிற்பகுதியில் இதற்கான இயந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. இன்று உணவுத் தொழிற்சாலைகள், அச்சகங்கள், மின்நிலையங்கள் எனப் பல இடங்களில் இம்முறை பயன்படுகிறது.

துகள் சுவரில் மோதும்போது

அரிசியைப்போல் சிறியதாக, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள உலர்பனித் துகள்களை இயந்திரத்தில் கொட்டுவார்கள். கம்ப்ரசரிலிருந்து வரும் அழுத்தக் காற்று, அத்துகள்களைக் குழாய்முனை வழியே பெரும் வேகத்தில் வெளியே தள்ளும். அவை சுவரில் மோதும் கணத்தில் மூன்று செயல்கள் நிகழ்கின்றன.

முதலாவது, மோதும் விசை. அது பூஞ்சணப் படலத்தைத் தட்டிப் பெயர்க்கிறது. இரண்டாவது, கடுங்குளிர். திடீரெனக் குளிர்ந்த படலம் சுருங்கி நொறுங்கும் தன்மை பெறுகிறது. அதனால், சுவரோடு அதற்குள்ள பிடிப்புத் தளர்கிறது. மூன்றாவது, விரிவு. துகள் வளியாக மாறும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 800 மடங்கு பெருகுகிறது. அந்த வளி படலத்தின் அடியில் புகுந்து அதனை வெளியே தள்ளுகிறது.

உலர்பனி மணலைவிட மிகவும் மென்மையானது. ஆதலால், அழுத்தத்தை அளவோடு வைத்தால் நல்ல பலகைக்கு அதிகச் சேதம் இராது. பலகையின் இடுக்கு, ஆணித்தலை, உத்தரமும் சுவரும் சேரும் மூலை எனத் துணியும் தூரிகையும் எட்டாத இடங்களையும் அது எட்டும். நீர் இல்லை, வேதிப்பொருள் இல்லை, குவியும் மணலும் இல்லை. வட அமெரிக்காவில் மரச்சட்டங்களால் கட்டப்பட்ட வீடுகளின் பரண்களில் படிந்த பூஞ்சணத்தை அகற்ற இதனை விரும்பிப் பயன்படுத்துவதற்குக் காரணம் இதுவே. நம் தோட்டங்களில் எஞ்சியுள்ள பலகை வீடுகளுக்கும் பழைய மர உத்தரங்களுக்கும் இம்முறை ஏற்றதே.

எனினும், எல்லா மரத்தையும் ஒன்றுபோல் நடத்த முடியாது. உளுத்துப்போன பலகையில் பீய்ச்சினால் ஓட்டை விழும். பழைய கட்டடங்களில் கல்நார்த் தகடோ ஈயம் கலந்த வண்ணமோ இருந்தால், அவற்றின்மேல் பீய்ச்சவே கூடாது. அவற்றின் தூசு பூஞ்சணத்தைவிடக் கொடியது.

குளிர் பூஞ்சணத்தைக் கொல்லுமா?

'இத்தனைக் குளிரில் எந்த உயிர் பிழைக்கும்?' என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால், விடை வியப்பளிக்கும். ஆய்வுக்கூடங்களில் பூஞ்சண வகைகளைப் பல ஆண்டுகள் உயிரோடு பாதுகாக்க, சுழியத்திற்குக் கீழ் 80 பாகை செல்சியஸ் குளிரில்தான் வைக்கிறார்கள். அதாவது, உலர்பனியின் குளிர் பல வித்துத்துகள்களுக்குச் சாவு அன்று. நீண்ட உறக்கம் மட்டுமே.

ஆகவே, உலர்பனி பூஞ்சணத்தைக் கொல்கிறது என்பதைவிடப் பெயர்க்கிறது என்பதே சரி. பெயர்ந்தது எங்கே போகும்? காற்றில்தான். சுவரில் ஒட்டியிருந்த கோடிக்கணக்கான வித்துத்துகள்கள் அழுத்தக் காற்றால் அறை முழுவதும் பறக்கும். கதவு திறந்திருந்தால் அடுத்த அறைக்குப் போகும். லயன் வீடுகளில் சுவரின் மேற்புறம் திறந்திருந்தால் அண்டை வீட்டுக்கும் போகும். ஒரு சுவரைத் தூய்மையாக்கி ஒரு வரிசை வீட்டையே அழுக்காக்கியது போலாகிவிடும்.

முறையாகச் செய்பவர்கள் முதலில் அந்த அறையை நெகிழித்தாளால் மூடி மறைப்பார்கள். ஹெப்பா வடிகட்டி பொருத்திய விசிறிகளைக் கொண்டு உள்ளேயிருக்கும் காற்றை வெளியே இழுப்பார்கள். 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களிலும் 99.97 விழுக்காட்டை அவ்வடிகட்டி பிடித்துவிடும். பீய்ச்சி முடித்தபின் தரை, சுவர், உத்தரம் அனைத்தையும் ஹெப்பா வடிகட்டியுள்ள தூசு உறிஞ்சியால் உறிஞ்சியெடுப்பார்கள். பார்ப்போரைக் கவர்வது பீய்ச்சும் வேலைதான். ஆனால், வீட்டாரின் நலத்தைக் காப்பது மறைப்பதும் உறிஞ்சுவதும் ஆகிய இந்த வேலைகளே.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

கரிவளிக்கு நிறமில்லை என்று மேலே படித்தோம். இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் உள்ள அறையின் கன அளவு 27 கன மீட்டர். ஒரு கிலோகிராம் உலர்பனி முழுவதும் வளியானால் ஏறத்தாழ 0.54 கன மீட்டர் கரிவளி கிடைக்கும். மூடிய அறையில் அது காற்றின் 2 விழுக்காடு ஆகிவிடும். எட்டு மணி நேர வேலைக்குப் பொதுவாக ஏற்கப்படும் எல்லை 0.5 விழுக்காடு மட்டுமே. இரண்டு கிலோகிராமில் கரிவளி 4 விழுக்காட்டை எட்டும். அந்த அளவு உயிருக்கு உடனடி ஆபத்தானதாகக் கருதப்படுகிறது. பீய்ச்சும் இயந்திரமோ ஒரு மணி நேரத்தில் பல பத்து கிலோகிராம் உலர்பனியைச் செலவழிக்கும்.

கரிவளி காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. தாழ்வான இடத்தில் தேங்கும். 1986 ஆகஸ்டு 21-ஆம் நாள் இரவு, ஆப்பிரிக்காவின் கெமரூன் நாட்டிலுள்ள நியோஸ் ஏரியிலிருந்து பெருமளவு கரிவளி திடீரென வெளிப்பட்டது. அது பள்ளத்தாக்குகள் வழியே வழிந்தோடியதில் 1,700-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஓர் அறையில் நிகழ்வதும் சிறிய அளவில் அதே இயல்புதான்.

அதனால், காற்றோட்ட விசிறியும் கரிவளி அளவுமானியும் இல்லாமல் இவ்வேலையைத் தொடங்கக் கூடாது. தனி ஆளாகச் செய்யவும் கூடாது. சாதாரண முகக்கவசம் தூசியைத் தடுக்கும், கரிவளியைத் தடுக்காது. இயந்திரத்தின் இரைச்சல் பெரும்பாலும் 100 டெசிபலைத் தாண்டுவதால் காதுக்கவசம் வேண்டும். உலர்பனியை வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்ததுபோல் புண்ணாகும். மூடிய போத்தலில் அடைத்தால் போத்தல் வெடிக்கும். பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டிய வேலை இது. விளையாட்டாக முயன்று பார்க்கக்கூடியது அன்று.

நோயும் நோயின் காரணமும்

எல்லாம் முறையாக முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். கறுப்புத் திட்டு மறைந்து, பலகையின் இயல்பான நிறம் தெரிகிறது. வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால், கூரைத் தகரத்திலுள்ள ஓட்டை அப்படியே இருக்கிறது. அடுத்த மழையில் அதே பலகை நனையும். காற்றில் மிதக்கும் வித்துத்துகள் ஒன்று அங்கே வந்து அமரும். சில நாள்களில் மீண்டும் புள்ளிகள் தோன்றும்.

புதிய கட்டடமும் இதற்கு விலக்கன்று. 2004-ஆம் ஆண்டில் ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை பூஞ்சணம் பரவியதால் தற்காலிகமாக மூடப்பட்டது. அப்போது அது புத்தம் புதிய கட்டடம். கட்டடத்தின் வயதைவிட ஈரம்தான் முக்கியம் என்பதை இது உணர்த்துகிறது. நம் நாட்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010-இல் வெளியிட்ட உள்ளறைக் காற்றுத்தர நடைமுறைக் கோட்பாடும், காற்றிலுள்ள பூஞ்சண அளவுக்கு வரம்பு விதிப்பதோடு, பணியிட அறைகளின் ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது.

வெள்ளக் காலத்தில் இது இன்னும் அவசரமாகிறது. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் ஏற்பட்ட பெருவெள்ளம் கோல சிலாங்கூர் மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் வராது என்பது வல்லுநர்களின் அறிவுரை. அதன்பின் எந்த இயந்திரம் வந்தாலும் அது காலம் கடந்த வேலையே.

நோய் எது, அதன் காரணம் எது என்று அறிந்த பிறகே மருந்து தர வேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் அறிவுறுத்தியுள்ளார். இங்கே சுவரிலுள்ள கறை நோய். ஈரம் அதன் காரணம். உலர்பனி ஒரு மருந்து. காரணத்தை விட்டுவிட்டு மருந்தை மட்டும் தந்தால் நோய் திரும்பி வரும்.

காரணத்தைப் போக்கும் வேலைகளில் பலவற்றுக்கு இயந்திரம் தேவையில்லை. கூரை ஓரத்துத் தகரப் பீலியில் அடைத்துள்ள இலைகளை அகற்றலாம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கலாம். வெயில் அடிக்கும் நேரத்தில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவிடலாம். துணியை வெளியே உலர்த்தலாம். ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான கறையைப் பெரியவர்கள் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, சவர்க்கார நீரால் துடைத்து நன்கு உலர்த்தினால் போதும்.

ஆனால், ஓட்டைக் கூரையை மாற்றுவது ஒரு குடும்பத்தால் மட்டும் முடியும் வேலையன்று. தொழிலாளர்களுக்கு முதலாளிமார் தரும் குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் 446 எனப்படும் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. தோட்டக் குடியிருப்பில் வசிப்போர் பழுதுகளை நாள், இடம், நிழற்படம் ஆகியவற்றோடு எழுத்து வடிவில் நிருவாகத்திடம் தெரிவிப்பது நல்லது. நீங்கள் வகுப்பில் கற்கும் அதிகாரப்பூர்வக் கடிதம் இங்கே பயன்படும். தமிழ் எழுதத் தெரிந்த பேரப்பிள்ளை, பாட்டிக்காக எழுதும் அந்தக் கடிதம் எந்த இயந்திரத்தையும்விட அவர் வீட்டுச் சுவரை நீண்ட காலம் காக்கக்கூடும்.

உலர்பனி அருமையான கண்டுபிடிப்புதான். நீரின்றி, மணலின்றி, மரத்தை அதிகம் நோகடிக்காமல் கறையை எடுக்கும். அது எதைச் செய்யும் என்று அறிந்தவர் அதை மெச்சுவார்; எதைச் செய்யாது என்றும் அறிந்தவரே அதைச் சரியாகப் பயன்படுத்துவார். அடுத்த முறை மழை பெய்யும்போது, சுவரைப் பார்க்கும் முன் ஒரு கணம் கூரையை அண்ணாந்து பாருங்கள்.

சொற்பொருள்

பதங்கமாதல் – திடப்பொருள் நீர்மமாகாமல் நேரே வளியாக மாறுதல்
வித்துத்துகள் – பூஞ்சணம் பரவ உதவும் நுண்ணிய துகள்
உத்தரம் – கூரையைத் தாங்கும் குறுக்கு மரம்
பீலி – கூரை நீரை ஏந்தி வடிக்கும் குழாய்
உளுத்தல் – பூச்சி அரித்தோ மக்கியோ வலுவிழத்தல்

சிந்தித்து விடையளித்திடுக

1. பூஞ்சணம் வளரத் தேவையான மூன்று கூறுகளைக் குறிப்பிடுக. அவற்றுள் நம்மால் கட்டுப்படுத்தக்கூடியது எது? ஏன்?
2. உலர்பனித் துகள் சுவரில் மோதும்போது நிகழும் மூன்று செயல்களை உம் சொந்த நடையில் விளக்குக.
3. 'உலர்பனி பூஞ்சணத்தைக் கொல்கிறது என்பதைவிடப் பெயர்க்கிறது என்பதே சரி.' இக்கூற்றுக்குப் பகுதியில் காட்டப்படும் சான்று யாது?
4. நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 3 மீட்டர் உள்ள மூடிய அறையில் ஒரு கிலோகிராம் உலர்பனி வளியானால் கரிவளி எத்தனை விழுக்காடு ஆகும்? அந்த அறை வேலைக்குப் பாதுகாப்பானதா?
5. உம் குடியிருப்பில் உள்ள ஒழுகும் கூரையைப் பழுதுபார்க்குமாறு தோட்ட மேலாளருக்கோ குடியிருப்பு நிருவாகத்திற்கோ ஓர் அதிகாரப்பூர்வக் கடிதம் எழுதுக.